என் கஸ்டமர்களுக்கு என்னைப் பற்றி 133(6) நோட்டீஸ்: எனக்குச் சொல்ல வேண்டாமா?

#1 மரக்கடைசல்

வணக்கம். சொந்தப் பெயரில் ஃபர்னிச்சர் பட்டறை நடத்துகிறேன். 2024-25 அசெஸ்மென்ட் ஆண்டுக்கான ரிட்டர்ன் ஸ்க்ரூட்டினியில், அதாவது துறையின் விரிவான சரிபார்ப்பில் இருக்கிறது. அதைத் தொடங்கும் 143(2) நோட்டீஸ் ஜூன் மாதம் வந்தது. பிறகு 142(1)இல் கேட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், லெட்ஜர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஆடிட்டர் போர்ட்டலில் ஏற்றிவிட்டார். அதற்குமேல் எந்தச் சத்தமும் இல்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

போன வாரம் பழைய கஸ்டமர் ஒருவர் போன் செய்து, "உங்க மேல இன்கம்டாக்ஸ் கேஸாமே, எனக்கு லெட்டர் வந்திருக்கு" என்றார். வாங்கிப் பார்த்தால் 133(6) நோட்டீஸ். என் பெயர், என் பான், எந்த ஆண்டு என்பதெல்லாம் போட்டு, எனக்கு எவ்வளவு கொடுத்தார், செக்கா ரொக்கமா, பில் நகல், லெட்ஜர் கன்ஃபர்மேஷன் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். விசாரித்ததில் இன்னும் சிலருக்கும் போயிருக்கிறது. அதில் ஒருவரோடு புது ஆர்டர் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "முதல்ல இது முடியட்டும்" என்கிறார்.

என் கேள்வி இரண்டு. எனக்கு ஒரு வரிகூடச் சொல்லாமல் என்னைப் பற்றி மற்றவர்களிடம் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறதா? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் பார்க்க முடியுமா? எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

#2 தேனீ

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதுக்கு? கேட்டால் கேட்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் கஸ்டமரும் சரியாகத்தான் சொல்வார்.

#3 கணக்குப்பிள்ளை

தேனீ, மடியில் கனமில்லாதவனையும் சந்தை நடுவில் நிறுத்தி மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் அவனுக்கு எப்படியிருக்கும்? அவர் பயப்படவில்லை, ஆர்டர் போகிறதே என்கிறார். நான் கணக்கு எழுதும் இடத்தில் இப்படி லெட்டர் போனதும் பாதிப் பேர் பதில் போடுவதற்கு முன் பேமென்டை நிறுத்திவைத்தார்கள். "கேஸ் முடியட்டும், நமக்கு ஏதும் வந்துடப்போகுது" என்ற எண்ணம்தான்.

#4 வேப்பநிழல்

நான் பிராக்டிஸ் செய்யும் ஆடிட்டர். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கேட்கலாம். உங்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

1961 வருமான வரிச் சட்டத்தின் 133(6), "எந்த ஒரு நபரிடமும்" தகவல் கேட்கும் அதிகாரம் தருகிறது; வங்கிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒரு விசாரணைக்கோ நடவடிக்கைக்கோ பயன்படும் அல்லது பொருத்தமானது என்று அதிகாரி கருதினால் போதும். உங்கள்மேல் ஸ்க்ரூட்டினி நடப்பதால் மேலதிகாரியின் முன் அனுமதிகூடத் தேவையில்லை. எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லாதபோது கேட்பதற்குத்தான் அந்த அனுமதி நிபந்தனை. அது 1995இல் வந்தது.

அந்த அதிகாரம் எவ்வளவு அகலமானது என்பதற்குக் கேரளத்தின் கதிரூர் கூட்டுறவு வங்கி வழக்கைப் படியுங்கள். 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை செய்தவர்கள், டெபாசிட் வைத்தவர்கள் எல்லோருடைய விவரத்தையும் மூன்று ஆண்டுகளுக்குக் கொடு என்று வங்கியிடம் கேட்டார்கள். யார் மீதும் வழக்கு இல்லை, குறிப்பிட்ட ஆள் என்றும் இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தனித்தனி வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

#5 மரக்கடைசல்

அப்படியென்றால் இரண்டாவது கேள்விக்கும் இல்லை என்றுதானா பதில்?

#6 வேப்பநிழல்

இல்லை. அங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் திரும்புகிறது. சேகரிக்கும்போது சொல்லவேண்டாம், ஆனால் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தும் முன் காட்டியாகவேண்டும்.

142(3) அதைத்தான் சொல்கிறது. விசாரணையில் திரட்டிய எந்தத் தகவலையும் அசெஸ்மென்டில் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் அதைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும். ஒரே விதிவிலக்கு 144, அதாவது நீங்கள் பதிலே போடாமல் விட்டதால் அதிகாரி தன் கணிப்பில் முடிக்கும் அசெஸ்மென்ட். அதனால் தயவுசெய்து எந்த நோட்டீஸுக்கும் பதில் போடாமல் விடாதீர்கள்.

உங்களுடையது முகமறியா அசெஸ்மென்ட், 144பி. அதிகாரியை நேரில் பார்க்காமல் எல்லாம் போர்ட்டலிலேயே நடப்பது. அதில் வருமானத்தைக் கூட்டப் போகிறார்கள் என்றால் முதலில் ஷோ காஸ், அதாவது ஏன் கூட்டக்கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் எழுதும்போது வீடியோ ஹியரிங் கேட்கலாம்.

கடிகாரத்தையும் பாருங்கள். 2024-25 ஆண்டுக்கான அசெஸ்மென்டை 2026 மார்ச் 31க்குள் முடிக்கவேண்டும். ஷோ காஸ் பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான் வரும், பதிலுக்கு ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. தினமும் போர்ட்டலில் இ-ப்ரொசீடிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெயில் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

#7 கருப்புக்கோட்டு

ஆடிட்டர் சொன்ன கொள்கைக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. அதில் சென்னையும் வருகிறது.

கிஷின்சந்த் செல்லாராம் என்ற நிறுவனத்துக்கு மும்பையிலும் சென்னையிலும் அலுவலகம். சென்னையிலிருந்து மும்பைக்கு 1,07,350 ரூபாய் தந்தி மாற்றல் மூலம் போனது. அனுப்பியவர், பெற்றவர் இருவரும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஆகவே அது கணக்கில் வராத நிறுவனப் பணம் என்றது துறை. அதற்கு ஆதாரம் வங்கி மேலாளர் எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தை நிறுவனத்துக்குக் காட்டாமலே வரி போட்டார்கள். தீர்ப்பாயம் வரை வழக்கு போன பிறகுதான் கடிதம் வெளியே வந்தது.

1980இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியைத் தள்ளிவிட்டது. வரி விசாரணை சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதை ஏற்றுக்கொண்டே, ஒருவருக்கு எதிராக ஒரு தகவலைப் பயன்படுத்தும் முன் அவர் முன் வைத்து மறுக்க வாய்ப்புத் தரவேண்டும் என்றது. மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பு இருந்திருக்கவேண்டும் என்றது. இன்றைக்கும் நாங்கள் அப்பீலில் முதலில் எடுத்துவைக்கும் தீர்ப்பு அதுதான். 2015இல் அந்தமான் டிம்பர் வழக்கு அதையே கலால் வரியில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது: சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாமல் அவர் சொன்னதை வைத்தே போட்ட உத்தரவு செல்லாது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரணத்துக்காக உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தால் வரி போய்விடும் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் உத்தரவை ரத்து செய்து, காட்டவேண்டியதைக் காட்டி மறுபடி விசாரி என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுதவேண்டும், அவ்வளவுதான். அதனால் ஷோ காஸ் கட்டத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது மேல்.

#8 ஓய்ந்தவன்

துறையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாளே பார்ட்டிக்குப் போன் போகும். "இப்படிக் கேப்பாங்க, இப்படிச் சொல்லு." போலி பில் விற்பவனும் வாங்குபவனும் ஒரே வார்த்தையில் கன்ஃபர்மேஷன் அனுப்புவார்கள். கையெழுத்து வேறு, எழுத்துப்பிழை மட்டும் ஒன்று! 133(6)இன் பலமே மூன்றாம் ஆள் தயாராகாமல் சொல்லும் பதில்தான்.

இன்னொன்று. ஸ்க்ரூட்டினிக்கு எடுப்பதே ரிட்டர்ன்களில் மிகச் சிறு பங்கு. அதற்குள் இந்த நோட்டீஸ் போவது இன்னும் குறைவு. நேர்மையானவருக்குச் சங்கடம் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாற்று ரெய்டா, சர்வேயா? கடிதம்தான் இருப்பதிலேயே மென்மையான வழி.

#9 அக்கரைச்சீமை

அமெரிக்காவில் வரித் தயாரிப்புத் தொழிலில் இருக்கிறேன். இங்கே இதே கேள்விக்குச் சட்டம் வேறு பதில் சொல்கிறது.

இங்கே 7602(சி) என்று ஒரு பிரிவு. ஐஆர்எஸ், அதாவது இங்கத்திய வரித் துறை, உங்கள் வரியைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர், வங்கி, முதலாளி யாரிடமாவது கேட்கப் போகிறது என்றால், அதற்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் உங்களுக்குச் சொல்லவேண்டும். எந்தக் காலத்துக்குள் கேட்கப் போகிறோம் என்றும் சொல்லவேண்டும், அந்தக் காலம் ஓர் ஆண்டைத் தாண்டக்கூடாது. யாரிடமெல்லாம் கேட்டார்கள் என்ற பட்டியலையும் பிறகு நீங்கள் கேட்டு வாங்கலாம். 1998இல் வந்த பிரிவு இது. அப்போது "நியாயமான முன்னறிவிப்பு" என்று மட்டும் இருந்தது. ஐஆர்எஸ் எல்லோருக்கும் அனுப்பும் பொதுக் கையேட்டில் "தேவைப்பட்டால் மற்றவர்களிடமும் கேட்போம்" என்று ஒரு வரி இருக்கும், அதுவே போதும் என்றிருந்தார்கள்.

2019இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வரி கட்டுபவர் வழக்கறிஞர். அவருக்குக் கொடுத்த கட்டணங்களைப் பற்றிக் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்திடமே ஐஆர்எஸ் சம்மன் அனுப்பிக் கேட்டது! அந்தப் பொதுக் கையேடு முன்னறிவிப்பு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களிடமே அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கும் அளவுக்கு அறிவிப்பு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் காங்கிரஸ் 45 நாள் என்று சட்டத்திலேயே எழுதியது.

எனக்குப் பிடித்தது அந்தக் காரணம்தான். முன்னறிவிப்பு என்பது ஒளித்துவைக்கக் கொடுக்கும் நேரமில்லை. "மற்றவரிடம் போகாதீர்கள், நானே தருகிறேன்" என்று சொல்லக் கொடுக்கும் நேரம். நடைமுறையில் என் வாடிக்கையாளர்கள் பலர் அந்தக் கடிதம் வந்ததும்தான் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

#10 ஓய்ந்தவன்

கேட்கத் தேன்தான். ஆனால் அங்கேயும் விதிவிலக்கு இருக்குமே?

#11 அக்கரைச்சீமை

இருக்கிறது ஐயா. சொன்னால் வரி வசூலே கெட்டுப்போகும் என்றாலோ, தகவல் தருபவரை யாராவது பழிவாங்குவார்கள் என்றாலோ, குற்றப் புலனாய்வு நடந்தாலோ சொல்ல வேண்டாம். நீங்கள் பயப்படும் போலி பில் கும்பலுக்கு அந்தக் கதவு போதும். மற்றவர்களுக்கு ஏன் அதே சந்தேகம்?

இங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒரு கூட்டத்தையே குறிவைத்துச் சம்மன் அனுப்பும் வழி இங்கேயும் உண்டு, ஆனால் அதற்கு முதலில் நீதிமன்ற அனுமதி வாங்கவேண்டும். ஏற்கெனவே விதித்த வரியை வசூலிக்க அனுப்பும் சம்மன் என்றால் சம்பந்தப்பட்ட கணக்குக்காரர்களுக்கு அறிவிப்பு வேண்டியதில்லை என்று 2023இல் போல்செல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. கணவர் கட்டவேண்டிய வரிக்காக மனைவியின் வங்கிக் கணக்கையும் கணவரின் வக்கீல் அலுவலகக் கணக்கையும் கேட்ட வழக்கு அது.

#12 கருப்புக்கோட்டு

இந்தியாவிலேயே ஒரு முரண் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு உங்கள் வருமான வரி ரிட்டர்னைக் கேட்கிறார் என்று வையுங்கள். ஆர்டிஐ சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, நீங்கள் ரகசியமாகக் கொடுத்த தகவலை வெளியிடத் தகவல் அதிகாரி நினைத்தால் 5 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். 10 நாள் உங்களுக்கு ஆட்சேபம் சொல்ல. பொது நலன் பெரிதாக இல்லாவிட்டால் ரிட்டர்ன் தனிப்பட்ட தகவல், தரமுடியாது என்று 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. துறை அதிகாரியே சட்டத்துக்குப் புறம்பாக வெளியிட்டால் 280ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

ஆக, உங்கள் தகவல் துறையிலிருந்து வெளியே போகும்போது உங்களைக் கேட்கிறார்கள். உங்களைப் பற்றிய தகவல் துறைக்குள்ளே வரும்போது, அதற்காக உங்கள்மேல் ஸ்க்ரூட்டினி நடக்கிறது என்ற செய்தி பத்துப் பேருக்குப் போகும்போது, கேட்பதில்லை. நோட்டீஸில் பெயரும் பானும் ஆண்டும் போடுவதே ஒரு வெளியீடுதானே?

வங்கி ஆவணங்களில் அந்தரங்க உரிமை உண்டு என்று கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டது. ஆவணம் வங்கியிடம் போய்விட்டால் வாடிக்கையாளரின் உரிமை போய்விடாது என்றது. அங்கே ரத்தானது ஆந்திராவின் முத்திரைச் சட்டத் திருத்தம். யாரை வேண்டுமானாலும் அனுப்பி எந்த ஆவணத்தையும் பார்க்கலாம் என்று கட்டுப்பாடே இல்லாமல் எழுதியிருந்தார்கள். 133(6)இல் "பொருத்தமானது" என்ற அளவுகோலும் அனுமதி நிபந்தனையும் இருப்பதால் அது தப்பிக்கிறது. 2023இன் தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சட்ட மீறலைக் கண்டுபிடிக்கவும் விசாரிக்கவும் கையாளும் தரவுக்கு அதன் 17ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அங்கே போய்ப் பயனில்லை.

மிச்சம் இருப்பது வரி செலுத்துவோர் சாசனம். 2020 ஆகஸ்ட் 13 அன்று வெளியானது. விசாரணையில் தேவைக்கு மேல் தலையிடமாட்டோம் என்று துறையே எழுதிக் கொடுத்த வாக்கு அதில் இருக்கிறது. 119ஏ என்ற பிரிவின் கீழ் வந்த சாசனம் என்பதால் வெறும் சுவரொட்டி என்று ஒதுக்கமுடியாது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு அசெஸ்மென்டை ரத்து செய்துவிடலாம் என்று என் கட்சிக்காரருக்கு நான் வாக்குத் தரமாட்டேன். முகமறியா முறையை மீறிய அசெஸ்மென்ட் செல்லாது என்று 144பி(9) ஒரு காலத்தில் இருந்தது. 2022 நிதிச் சட்டம் அதை முதல் நாளிலிருந்தே இல்லாததுபோல் எடுத்துவிட்டது. சலுகை எழுதுவதும் பல்லைப் பிடுங்குவதும் ஒரே கைதான்.

#13 தேனீ

2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புது வருமான வரிச் சட்டத்தில் வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்களாமே? லெட்டர் போடவே வேண்டாமே அப்போது.

#14 ஓய்ந்தவன்

அந்த ஃபார்வர்டை நானும் பார்த்தேன். பாதி உண்மை, பாதி பயமுறுத்தல். 2025 வருமான வரிச் சட்டத்தின் 247ஆம் பிரிவு சோதனை, அதாவது நீங்கள் ரெய்டு என்று சொல்வது. அதில் மெய்நிகர் டிஜிட்டல் வெளி என்று மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, கிளவுட் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைத் தாண்டித் திறக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அது சோதனைக்கான காரணங்கள் பதிவாகி, உயரதிகாரி அனுமதித்த பிறகுதான். சாதாரண ஸ்க்ரூட்டினியில் உங்கள் வாட்ஸ்அப்பை யாரும் திறக்க முடியாது. மின்னணுப் பதிவுகளைத் திறந்து காட்டவேண்டிய கடமை பழைய சட்டத்தின் 132இலும் இருந்ததுதான்.

#15 கருப்புக்கோட்டு

அதில் ஒன்று சேர்க்கிறேன். சோதனைக்கு என்ன காரணம் என்று உங்களுக்கு மட்டுமல்ல, தீர்ப்பாயத்துக்கும் காட்டவேண்டாம் என்று 2017இல் எழுதிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் கேட்டால்தான் கோப்பு வெளியே வரும். மரக்கடைசலுக்கு இது பொருந்தாது, இழை திசைமாற வேண்டாம்.

#16 மல்லி

இழையைத் தற்செயலாகப் பார்த்தேன், நான் மறுபக்கத்து ஆள். மாதச் சம்பளக்காரி. எங்கள் வீட்டு உள் அலங்கார வேலை செய்தவரைப் பற்றி எனக்கு 133(6) மெயில் வந்திருக்கிறது. (மரக்கடைசல் இல்லை, பயப்படாதீர்கள்.) இது நிஜமா மோசடி மெயிலா? பதில் போடாவிட்டால் என்ன? அவருக்கு நான் சொல்லலாமா, சொன்னால் குற்றமா?

#17 வேப்பநிழல்

மேடம், மெயிலில் இருக்கும் லிங்க் எதையும் தொடவேண்டாம். கடிதத்தில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். இ-ஃபைலிங் போர்ட்டலின் முகப்பிலேயே நோட்டீஸைச் சரிபார்க்கும் வசதி உண்டு, லாகின்கூட வேண்டாம். அங்கே அந்த எண்ணைப் போடுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் டிஐஎன் இல்லாத கடிதம், சில விதிவிலக்குகள் தவிர, அனுப்பப்படாததாகவே கருதப்படும் என்று நேரடி வரி வாரியமே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அது இல்லாத உத்தரவுகள் என்ன ஆகும் என்பது நீதிமன்றங்களில் வெகுநாள் இழுபறியாக இருந்தது. ஆனால் உங்களுக்கு அது நிஜமா பொய்யா என்று பார்க்க அதுவே போதும்.

நிஜம் என்றால் பதில் போட்டாகவேண்டும். தாமதத்துக்கு 272ஏ(2)இல் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். கேட்டதை மட்டும் கொடுங்கள். கொடுத்த தொகை, தேதி, எந்தக் கணக்கிலிருந்து, பில் நகல், அவ்வளவே. "அவர் மற்ற வீடுகளில் ரொக்கம் வாங்கினாராம்" என்ற கதையெல்லாம் வேண்டாம். தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து தொகை எழுதாதீர்கள், ஸ்டேட்மென்டைப் பார்த்து எழுதுங்கள்.

அவருக்குச் சொல்லக்கூடாது என்று 133(6)இல் எங்கும் எழுதவில்லை. ஆனால் அவரோடு உட்கார்ந்து பதிலைத் தயாரிப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

#18 கணக்குப்பிள்ளை

மல்லி மேடம், ஒரு சின்ன வேண்டுகோள். தொகை எழுதும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு வரி போடுங்கள். 8 லட்ச ரூபாய் வேலைக்கு 18 சதவீதம் சேர்த்து நீங்கள் 9.44 லட்சம் கொடுத்திருப்பீர்கள். அவர் கணக்கில் விற்பனை 8 லட்சம்தான் இருக்கும். நீங்கள் 9.44 என்று மட்டும் எழுதினால் 1.44 லட்சம் மறைத்தான் என்று ஷோ காஸில் ஒரு பத்தி வந்துவிடும். பிறகு அந்த மனிதர் ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தூக்கிக்கொண்டு விளக்கம் எழுதவேண்டும். இந்த வித்தியாசம் பாதி லெட்டர்களில் வருகிறது.

#19 மரக்கடைசல்

ஷோ காஸ் வந்துவிட்டது. கஸ்டமர்கள் பதில் பற்றி ஒன்றும் இல்லை, எல்லாம் ஒத்துப்போயிருக்கும் போல. ஆனால் ஒரு பார்ட்டி கொடுத்த 6 லட்சம் அட்வான்ஸை மார்ச் 31இல் கடன் பக்கம் காட்டியிருந்தேன். "அவருக்கு 133(6) அனுப்பினோம், பதில் வரவில்லை, ஆகவே உண்மைத்தன்மை நிரூபணமாகவில்லை" என்று 68இல், அதாவது விளக்கமில்லாத வரவு என்ற பிரிவில், வருமானமாகச் சேர்க்கப் போகிறார்களாம். 115பிபிஇ என்று வேறு போட்டிருக்கிறது. பதிலுக்கு ஆறு நாள்.

பணம் ஆர்டிஜிஎஸ்ஸில் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டி, விற்பனையில் காட்டியிருக்கிறேன்.

#20 வேப்பநிழல்

115பிபிஇ என்றால் 60 சதவீதம் வரி, அதன்மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். 6 லட்சத்துக்கு 4.68 லட்சம். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது நல்ல கேஸ். பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த வரி, ஆர்டர் கடிதம், மே மாத பில், அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், பார்ட்டியின் பான், இப்போதைய முகவரி எல்லாம் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு விற்பனையாக வரி கட்டிய பணத்தையே இந்த ஆண்டு வருமானம் என்றால் ஒரே பணத்துக்கு இரண்டு வரி என்று எழுதுங்கள். வீடியோ ஹியரிங் வசதியை அதே பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். அவகாசம் கேட்டாலும் கிடைத்ததாக நினைக்காதீர்கள், ஆறாம் நாளுக்குள் இருப்பதை ஏற்றிவிடுங்கள். கெடு முடிந்தால் அந்த ஜன்னல் மூடிவிடும்.

#21 கருப்புக்கோட்டு

பதிலில் ஒரிசா கார்ப்பரேஷன் வழக்கைச் சேருங்கள், உச்ச நீதிமன்றம், 1986. கடன் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, வரி எண் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. துறை சம்மன் அனுப்பியது, ஆள் வரவில்லை. அதற்குமேல் எதுவும் விசாரிக்காமல் வருமானத்தில் சேர்த்தது தவறு என்றது நீதிமன்றம். பதில் வரவில்லை என்பது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அந்த 133(6) நோட்டீஸின் நகலையும், எந்த முகவரிக்கு எப்போது அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்ததா என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டு அவர்கள் தராமல் விட்டால் அப்பீலில் அதுவே உங்கள் முதல் பாயின்ட்.

#22 ஓய்ந்தவன்

வக்கீல் கேட்கச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். அந்த பார்ட்டியிடமும் நேராகக் கேளுங்கள், போர்ட்டலில் அவர் ப்ரொஃபைலில் எந்த மெயில் இருக்கிறது என்று. நோட்டீஸ் அங்கேதான் போகும்.

#23 மரக்கடைசல்

கேட்டேன் ஐயா. எப்போதோ அவருக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த பழைய ஆடிட்டரின் மெயிலாம். அந்த ஆடிட்டரை மாற்றியும் வருடங்கள் ஆகிவிட்டன. அப்படியொரு நோட்டீஸ் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் லாகின் செய்து பார்த்திருக்கிறார். அவருடைய ஆடிட்டர் இன்று மாலை பதில் ஏற்றுகிறார். அந்தப் பதில் ஏற்றிய ரசீதையும் என் பதிலோடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.